ரிவிட்டும் சட்டமும்: மேகசின்களைக் குறைக்கும் விதிகள் பற்றிய ஓர் ஆய்வு

துப்பாக்கி ஒன்றின் மேகசினில் இத்தனை தோட்டாக்களுக்கு மேல் இருக்கலாகாது என்று ஓர் எண்ணைச் சட்டத்தில் எழுதிவிடுவது எளிது. முப்பது தோட்டாக்கள் கொள்ளும்படி முன்னமே செய்து விற்கப்பட்ட ஒரு மேகசினைப் பத்துக்கோ ஐந்துக்கோ குறைப்பது எப்படி, குறைத்தது மறுபடியும் பழைய அளவுக்குத் திரும்பாது என்பதற்கு என்ன உத்தரவாதம், அந்த வேலையைச் செய்து கொடுக்கும் வியாபாரியும் கம்மியரும் எந்த எல்லைவரை சட்டத்தின் துணைவர்கள், எந்த எல்லைக்கு அப்பால் குற்றவாளிகள் என்னும் கேள்விகளுக்கு விடை எழுதுவதே கடினம். சென்ற முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பிரிட்டன், கனடா, அமெரிக்கா, நியூஸிலாந்து முதலிய தேசங்களின் சட்டசபைகளும் நியாயஸ்தலங்களும் இக்கேள்விகளோடு மல்லாடி வந்திருக்கின்றன. அவற்றின் அனுபவங்களை ஒருங்கே வைத்து நோக்கி, இவ்விஷயத்தில் நல்ல சட்டத்துக்கு இலக்கணம் எது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மேகசினின் அமைப்பு

கழற்றி மாட்டும் மேகசின் ஒன்றைக் கையில் எடுத்துப் பிரித்துப் பார்த்தால் அதில் நான்கே உறுப்புகள் இருப்பதைக் காணலாம்: உலோகத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன உறை, உறைக்குள் மடிந்து நிற்கும் ஸ்பிரிங், ஸ்பிரிங்கின் தலைமேல் அமர்ந்து தோட்டாக்களைத் தாங்கி மேலே தள்ளும் சிறு தட்டு, அடிப்புறத்தை மூடும் அடித்தகடு. உள்ளே சேரும் கரியையும் தூசியையும் துடைத்தெடுக்க வேண்டியிருப்பதால், அடித்தகடு பெரும்பாலும் கழற்றக்கூடியதாகவே அமைக்கப்படுகிறது. தட்டு எவ்வளவு ஆழம் இறங்குகிறதோ அவ்வளவுதான் தோட்டா கொள்ளும்; ஆகையால் மேகசினைக் குறைப்பதென்பது, தட்டை ஓர் அளவுக்குக் கீழே இறங்கவிடாமல் தடுப்பதேயாகும். அதற்காக உறையின் பக்கத்தை உள்நோக்கி அழுத்திப் பள்ளமிடுவார்கள். அல்லது உள்ளே ஒரு கட்டையையோ கம்பியையோ நிறுத்துவார்கள். கட்டையை நிறுத்திய பிறகு அடித்தகடு கழன்றுவிட்டால் கட்டையும் வெளியே வந்துவிடுமாதலால், அத்தகட்டை ஒரு ரிவிட்டால் அறைவதோ எபாக்ஸிப் பசையால் ஒட்டுவதோ தொழிலில் வழக்கம். வேலை இவ்வளவுதான். ஆனால் அந்தச் சிறு ரிவிட்டின்மேல் எத்தனை தேசங்களின் சட்ட வாசகங்கள் தொங்கிக்கொண்டிருக்கின்றன என்பதை எண்ணினால் வியப்புண்டாகும்.

வாத்துகளுக்காக வந்த மரக்கட்டை

அமெரிக்காவில் இக்கருத்தின் பழைய வடிவம் ஒன்று பறவைகளைக் காப்பதற்காக எழுந்தது. வலசை வரும் வாத்தினங்கள் அருகிவருவதைக் கண்டு, அந்நாட்டு அரசாங்கம் 1935-இல், அவற்றை வேட்டையாடும் சிதறுதுப்பாக்கியில் மூன்று தோட்டாக்களுக்கு மேல் கொள்ளக்கூடாது என்று விதித்தது. அதற்கு மேற்பட்டுக் கொள்ளும் துப்பாக்கியானால், துப்பாக்கியைப் பிரித்தாலன்றி வெளியே எடுக்க முடியாததும் ஒரே துண்டாக அமைந்ததுமான ஓர் அடைப்பை அதன் குழாயில் இட வேண்டும் என்று விதி கூறுகிறது. கைவிரல் பருமனில் ஒரு மரக்குச்சியைச் சீவிக் குழாய்க்குள் இட்டுவிட்டால் சட்டம் திருப்தியடைந்துவிடும்.

இந்த விதியில் கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. அடைப்பு நிரந்தரமாக இருக்க வேண்டுமென்று அது கேட்கவில்லை. வேட்டைக்களத்தில் நிற்கும்போது சட்டென்று உருவியெறிய முடியாமல் இருந்தால் போதும் என்றே கருதுகிறது. ஏனெனில் தடுக்க விரும்பிய தீமை களத்தில் நிகழ்வது. களத்திலேயே வந்து பரிசோதிக்க ஓர் அதிகாரியும் இருக்கிறார். ஆகவே எவ்வளவு நிரந்தரம் வேண்டும் என்பது எந்தத் தீமையைத் தடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது என்னும் முதற்பாடத்தை இந்த மரக்கட்டை கற்பிக்கிறது. வீட்டு அலமாரியில் ஆண்டுக்கணக்கில் கிடந்து, யாரும் எதிர்பாராத ஒரு நாளில் கடைத்தெருவுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ எடுத்துவரப்படும் மேகசினுக்கு இந்த அளவு போதாது என்பது சொல்லாமலே விளங்கும்.

பிரிட்டன்: முத்திரையும் சான்றிதழும்

1987-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 19-ஆம் தேதி இங்கிலாந்தின் ஹங்கர்ஃபோர்டு என்னும் சிற்றூரில் ஒருவன் பதினாறு பேரைச் சுட்டுக் கொன்றான். அதன் விளைவாக 1988-இல் வந்த திருத்தச் சட்டம், சிதறுதுப்பாக்கிக்குரிய எளிய உரிமத்தின் கீழ் ஒருவர் வைத்துக்கொள்ளும் துப்பாக்கியில் மேகசினே இருக்கக்கூடாது, இருந்தால் அது கழற்ற முடியாததாகவும் இரண்டு தோட்டாக்களுக்கு மேல் கொள்ளாததாகவும் இருக்க வேண்டும் என்று வரையறுத்தது. அதற்கு மேற்பட்டதானால் கடுமையான நிபந்தனைகளுள்ள வேறு உரிமத்தைப் பெற வேண்டும்.

அப்படியானால், ஏற்கெனவே அதிகத் தோட்டாக்கள் கொள்ளும் துப்பாக்கியை வைத்திருந்தவர் அதை இரண்டாகக் குறைத்துக்கொண்டால் ஒப்புக்கொள்ளப்படுமா? ஒப்புக்கொள்ளப்படும், ஆனால் குறைத்த மேகசினின்மேல் அரசாங்கம் அங்கீகரித்த அடையாளம் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும் என்றும், வேலை அங்கீகரிக்கப்பட்ட முறையில் நடந்தது என்று எழுத்து மூலமான சான்றிதழ் இருக்க வேண்டும் என்றும், அந்த அடையாளத்தையும் சான்றையும் லண்டன் துப்பாக்கித் தொழிலாளர் சங்கமோ பர்மிங்ஹாம் பரிசோதனைச் சாலையோ, அரசாங்கம் ஏற்றுக்கொண்ட பிறரோதான் வழங்கலாம் என்றும் சட்டம் விதித்தது. லண்டன் சங்கம் 1637-இல் அரச சாசனம் பெற்றது. பர்மிங்ஹாம் சாலை 1813-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்டது. துப்பாக்கிக் குழல் வெடிக்காமல் தாங்குமா என்று மிகுமருந்திட்டுச் சுட்டுப் பார்த்து, தாங்கியதற்கு முத்திரை குத்துவதே தலைமுறை தலைமுறையாக அவற்றின் பணி. பொற்கொல்லர் செய்த நகைக்கு மாற்று உரைத்துப் பார்ப்பவர் வேறொருவராக இருப்பதுபோல, வேலை செய்தவர் ஒருவரும் வேலையைச் சரிபார்ப்பவர் மற்றொருவருமாக இருக்கும் இந்தப் பழைய ஒழுங்கைப் புதிய சட்டம் அப்படியே எடுத்தாண்டது.

இதனால் விளைந்த நன்மை பெரிது. துப்பாக்கியைக் கையிலெடுக்கும் போலீஸ்காரர் உள்ளே என்ன கட்டை இருக்கிறது என்று பிரித்துப் பார்த்து விவாதிக்க வேண்டியதில்லை. முத்திரை இருக்கிறதா, காகிதம் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். சரிபார்த்துச் சான்று தருபவர் வேறொருவராதலால் கம்மியருக்கும் அச்சமில்லை.

கனடா: செய்முறையே சட்டமானது

1989-ஆம் ஆண்டு டிசம்பர் 6-ஆம் தேதி மான்ட்ரியால் நகரத்துப் பொறியியல் கல்லூரியில் பதினான்கு பெண்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்தத் துயரத்தை அடுத்து 1991-இல் சட்டம் திருத்தப்பட்டு, 1993 முதல் மேகசின்களுக்கு அளவு வந்தது. சாமானியமாகச் சொன்னால், தானாகத் தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் மையத்தெறி (தோட்டாவின் அடிப்புற நடுவில் ஊசி அடித்து வெடிக்கச் செய்யும் வகை) ரைபிளுக்கு ஐந்து, கைத்துப்பாக்கிக்குப் பத்து. அளவை மீறிய மேகசின் தடைசெய்யப்பட்ட சாதனமாகும்.

இங்கேதான் கனடாவின் விதி மற்ற தேசங்களின் விதிகளிலிருந்து வேறுபட்டு நிற்கிறது. குறைக்கப்பட்ட மேகசின் குற்றமற்றது என்று சொல்வதோடு நில்லாமல், குறைத்த அமைப்பு எளிதில் நீக்கக்கூடியதாகவும் மேகசின் எளிதில் மீண்டும் மாற்றக்கூடியதாகவும் இருத்தலாகாது என்று நிபந்தனையிட்டு, எவ்வெவ்வாறு குறைக்கலாம் என்பதையும் அது உலோகம் உலோகமாகப் பிரித்து எழுதியிருக்கிறது. உறையை அழுத்தியோ வார்த்தோ உள்நோக்கிப் பள்ளமிடலாம். உறை எஃகாகவோ அலுமினியமாகவோ இருந்தால், அதே இன உலோகத்தாலான அடைப்பையோ கம்பியையோ ஊசியையோ உறையின் உட்சுவரோடு வெல்டிங் முறையாலோ அதையொத்த வேறு பற்றவைப்பாலோ இணைக்க வேண்டும். உறை பிளாஸ்டிக் போன்ற வேறு பொருளாக இருந்தால், சிமெண்டு, எபாக்ஸி போன்ற நிரந்தரப் பசையையும் பயன்படுத்தலாம். பட்டறையில் நிற்பவன் எந்தப் பொருளை எதனோடு எப்படிச் சேர்க்க வேண்டும் என்று ஒரு மேஸ்திரி சொல்லிக்கொடுப்பதைப் போன்ற தெளிவோடு ஒரு சட்ட விதி எழுதப்படுவது அரிது. அந்த அரிய தெளிவு இவ்விதியில் இருக்கிறது.

கனடாவின் விதியில் குறையே இல்லை என்று கூறிவிட முடியாது. மேகசின் எந்தத் தோட்டாவுக்காக முதலில் வடிவமைக்கப்பட்டதோ அந்தத் தோட்டாவைக் கொண்டே எண்ணிக்கை கணக்கிடப்படுவதாலும், எந்த வகைத் துப்பாக்கிக்கென்று செய்யப்பட்டது என்பதைப் பொறுத்து அளவு மாறுவதாலும், ஒரே உருவமுள்ள இரண்டு மேகசின்களில் ஒன்று குற்றமாகவும் மற்றொன்று குற்றமற்றதாகவும் ஆகிவிடுகின்றன. கைத்துப்பாக்கிக்கும் பொருந்தும்படி செய்யப்பட்டது என்ற காரணத்தால், சிறு ரகத் தோட்டாவுக்கான ஒரு பிரசித்தமான மேகசின் தடைக்குட்பட்டது என்று 2016-இல் அந்நாட்டு மத்தியப் போலீஸ் அறிவித்தபோது, அதுவரை நல்ல நம்பிக்கையோடு அதை விற்று வந்த வியாபாரிகளும் வாங்கியவர்களும் திகைத்துப் போனார்கள். வடிவமைப்பாளரின் உள்ளக்கருத்தை அளவுகோலாகக் கொண்டதால் வந்த இடர் இது.

2023 டிசம்பரில் நிறைவேறிய சட்டத்தின் வாயிலாகக் கனடா மேலும் ஓரடி சென்றது. மேகசினைச் சட்டபூர்வமான அளவுக்கு மேல் கொள்ளும்படி மாற்றுகிற செயலையே, தக்க காரணமின்றிச் செய்தால் ஐந்தாண்டு வரை சிறைக்குரிய தனிக் குற்றமாக்கியது. பொருளை வைத்திருப்பது ஒரு குற்றம், பொருளை மாற்றுவது வேறொரு குற்றம் என்னும் இந்தப் பிரிவினை நமக்கும் புதிதன்று. உரிமமின்றித் துப்பாக்கிக் குழலைச் சுருக்குவதை நம் நாட்டின் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் தன் 6-ஆம் பிரிவில் தனியாகவே தடுத்திருக்கிறது.

அமெரிக்கா: ஒரு சொல்லின் பாரம்

அமெரிக்க மத்திய அரசாங்கம் 1994 செப்டம்பர் 13-இல் ஒரு சட்டத்தால், பத்துக்கு மேற்பட்ட தோட்டாக்கள் கொள்ளும் மேகசின்களையும், அவ்வாறு கொள்ளும்படி எளிதில் மீட்கவோ மாற்றவோ கூடிய மேகசின்களையும் தடுத்தது. ஆனால் அன்றைய தேதிக்கு முன் செய்யப்பட்டவற்றுக்கு விலக்களித்தது. பத்தாண்டு ஆயுளோடு பிறந்த அச்சட்டம் 2004 செப்டம்பர் 13-இல் காலாவதியாயிற்று. மீண்டும் உயிர் பெறவில்லை. எனவே இன்று இவ்விஷயம் மாநிலங்களின் பொறுப்பாக இருக்கிறது. மேலும் அந்நாட்டு மத்தியச் சட்டத்தின் கண்ணில் துப்பாக்கிதான் துப்பாக்கியே தவிர மேகசின் துப்பாக்கியாகாது. ஆகையால் துப்பாக்கி வியாபாரி தான் விற்கும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் வரிசை எண்ணோடு கணக்கு எழுதி வைக்கிறார், மேகசினுக்கு எழுத வேண்டியதில்லை. குறைக்கப்பட்ட மேகசின் ஒன்று கடையை விட்டு வெளியேறினால் அதன் சரித்திரம் அத்துடன் மறைந்துவிடுகிறது.

கலிபோர்னியா 2000-ஆம் ஆண்டு ஜனவரி முதல் பத்துக்கு மேற்பட்ட மேகசின்களைச் செய்வதையும் விற்பதையும் தடுத்தது. 2016-இல் மக்கள் வாக்கெடுப்பில் வென்ற 63-ஆம் பிரேரணை, பழையவற்றை வைத்திருப்பதையும் தடுத்து, வெளிமாநிலத்துக்கு அனுப்புதல், உரிமம் பெற்ற வியாபாரியிடம் விற்றல், போலீஸாரிடம் ஒப்படைத்தல் என்னும் மூன்று வழிகளைக் காட்டியது. நான்காவது வழி ஒன்று வரையறைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. பத்துக்கு மேல் கொள்ளாதபடி நிரந்தரமாக மாற்றப்பட்டது பெரிய மேகசினாகக் கருதப்படாது என்று அது கூறுகிறது. கம்மியரிடம் மாற்றுவதற்காகக் கொடுப்பதற்கும், அவர் வைத்திருந்து திருப்பித் தருவதற்கும் தனி விலக்கு உண்டு. ஆனால் எப்படிச் செய்தால் ‘நிரந்தரம்’ என்பதை அந்த வரையறை விளக்கவில்லை. ரிவிட் அறைந்தால் நிரந்தரமா, பசை போதுமா, இரண்டும் வேண்டுமா என்று வியாபாரி தன் அனுபவத்தையும் வழக்கறிஞரின் ஆலோசனையையும் கொண்டு தீர்மானித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கனடாவில் விதியைப் படித்துவிட்டு வேலையைத் தொடங்கும் கம்மியர், கலிபோர்னியாவில் வேலையை முடித்துவிட்டு விதியை நினைத்துக் கவலைப்படுகிறார்.

கொலராடோவின் கதை இதைவிடப் போதனையானது. 2012 ஜூலை 20-இல் அரோரா நகரத் திரையரங்கில் பன்னிரண்டு பேர் மாண்டதற்குப் பின், 2013 ஜூலை முதல் அம்மாநிலம் பதினைந்தை எல்லையாக்கியது. எளிதில் மாற்றும்படி வடிவமைக்கப்பட்டவற்றையும் தடைக்குள் சேர்த்தது. உடனே எழுந்த ஆட்சேபம் நாம் முதலில் கண்ட அடித்தகட்டைப் பற்றியதே. கழற்றக்கூடிய அடித்தகடு இருந்தால் அதன் இடத்தில் நீளமான ஒன்றை மாட்டி அளவைக் கூட்டலாம். ஏறத்தாழ எல்லா மேகசின்களிலும் அது கழற்றக்கூடியதுதான். அப்படியானால் இந்தச் சட்டம் எல்லா மேகசின்களையுமே தடுத்துவிடுகிறதல்லவா என்று துப்பாக்கி உரிமைச் சங்கத்தார் வாதித்தார்கள். அவ்வாண்டு மே மாதமே மாநில அட்டர்னி ஜெனரல், அடித்தகடு சுத்தம் செய்வதற்காகக் கழற்றக்கூடியதாக இருப்பதால் மட்டும் மேகசின் தடைக்குள் வராது என்று விளக்கம் வெளியிட்டார். ஏழாண்டு வழக்காடிய பின், 2020 ஜூன் 29-இல் மாநில சுப்ரீம் கோர்ட்டும், ‘வடிவமைக்கப்பட்ட’ என்ற சொல்லுக்கு உரிய கனத்தைக் கொடுத்து, அந்த வாதத்தைத் தள்ளிச் சட்டத்தை நிலைநிறுத்தியது. முதலிலேயே இரண்டு வாக்கியங்களில் எழுதியிருக்கக்கூடிய ஒரு விளக்கத்துக்காக ஏழாண்டுகள் செலவாயின.

நியூ ஜெர்ஸி 2018-இலும் ரோட் ஐலண்டு 2022-இலும் பத்தை எல்லையாக்கியபோது, வைத்திருப்பவர்களுக்கு நூற்றெண்பது நாள் அவகாசம் கொடுத்து, நிரந்தரமாக மாற்றிக்கொள்வதை வெளிப்படையான வழிகளில் ஒன்றாகவே சொல்லின. ஆயினும் அமெரிக்க நியாயஸ்தலங்களில் இன்று நடக்கும் பெரும் விவாதம் மாற்றும் முறையைப் பற்றியதன்று; எல்லையே ஆயுத உரிமைக்கு முரணானதா என்பதைப் பற்றியது. கலிபோர்னியா வழக்கு ஒன்றில் சான் டியேகோ நீதிபதி 2019 மார்ச் 29-இல் சட்டத்தைச் செல்லாதென்றார். ஒரு வாரம் விற்பனை திறந்திருந்து மீண்டும் மூடியது. 2021-இல் மேல்முறையீட்டில் சட்டம் வென்றது. 2022-இல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் புதிய அளவுகோலைச் சொல்லி வழக்கைத் திருப்பியனுப்பியது. 2023-இல் அதே நீதிபதி மறுபடியும் செல்லாதென்றார். 2025 மார்ச் 20-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுபடியும் செல்லும் என்றது. ரோட் ஐலண்டு வழக்கை எடுத்துக்கொள்ள 2025 ஜூன் 2-இல் சுப்ரீம் கோர்ட் மறுத்தது. இந்த ஊசலாட்டத்தின் ஒவ்வொரு வீச்சிலும் கடைக்காரரின் அலமாரி ஒரு நாள் சட்டத்துக்குள்ளும் மறுநாள் சட்டத்துக்கு வெளியேயும் இருந்திருக்கிறது.

நியூஸிலாந்தும் பிற தேசங்களும்

2019 மார்ச் 15-இல் கிறைஸ்ட்சர்ச் நகரத்து மசூதிகளில் ஐம்பத்தொரு பேர் கொல்லப்பட்டார்கள். அதுவரை அந்நாட்டில், சாதாரண உரிமத்தோடு வைத்துக்கொள்ளும் தானாகத் தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் மையத்தெறி ரைபிளில் ஏழு தோட்டா மேகசின்தான் மாட்டலாம்; ஆனால் பெரிய மேகசினைத் தனியே வாங்குவதற்கு உரிமம் தேவையில்லை. எல்லையை ரைபிளின்மேல் வைத்து மேகசினைச் சுதந்திரமாக விட்ட அந்த இடைவெளி வழியாகவே கொலைகாரன் நுழைந்தான். அதற்குப் பின் ஒரு மாதத்துக்குள் பார்லிமெண்டு 119-க்கு 1 என்ற வாக்கில் புதிய சட்டம் இயற்றி, மேகசினையே தனித்த தடைப்பொருளாக்கியது. அரசாங்கம் விலைகொடுத்து ஐம்பத்தாறாயிரத்துக்கு மேற்பட்ட துப்பாக்கிகளைத் திரும்பப் பெற்றதோடு, சிலவற்றை அங்கீகாரம் பெற்ற கம்மியரிடம் சட்டத்துக்கிசைய மாற்றிக்கொள்ளவும் இடங்கொடுத்து, அந்த வேலையின் செலவையும் ஏற்றுக்கொண்டது. ஊர் நன்மைக்காகச் செய்யும் மாற்றத்தின் கூலியை ஊரே கொடுப்பது நியாயம்.

ஆஸ்திரேலியாவில் 2015-இல் துருக்கியிலிருந்து வந்த ஒரு நெம்புகோல் சிதறுதுப்பாக்கியைப் பற்றி எழுந்த சர்ச்சையில், ஐந்துக்கு உட்பட்டது ஒரு வகுப்பு, மேற்பட்டது கடுமையான வேறு வகுப்பு என்று 2016 டிசம்பரில் முடிவாயிற்று. ஐரோப்பிய யூனியன் 2017-இல் நீளத் துப்பாக்கிக்குப் பத்தும் கைத்துப்பாக்கிக்கு இருபதும் எல்லை என்றது. செக் நாட்டின் ஆட்சேபத்தை ஐரோப்பிய நீதிமன்றம் 2019 டிசம்பரில் தள்ளியது.

ஆட்சேபங்கள்

இச்சட்டங்களை எதிர்ப்பவர்கள் சொல்லும் காரணங்களைப் புறக்கணிப்பது நேர்மையாகாது. மேகசினை மாற்றச் சில விநாடிகளே ஆகும், அதனால் என்ன பயன் என்பது முதல் ஆட்சேபம். 2011 ஜனவரி 8-இல் அரிசோனாவின் டூசான் நகரத்தில், ஒரு கடை வாசலில், முப்பத்துமூன்று தோட்டாக்கள் கொள்ளும் ஒரு மேகசினைச் சுட்டுத் தீர்த்த ஒருவன் அடுத்த மேகசினை எடுத்த அந்தச் சில விநாடிகளில்தான், கீழே விழுந்துகிடந்த ஒரு பெண்மணி அந்த மேகசினைப் பற்றிக்கொண்டார், பக்கத்திலிருந்தவர்கள் அவனை மண்ணோடு அழுத்தினார்கள். ஆறு பேர் இறந்த அந்த இடத்தில், அந்த விநாடிகள் கிடைத்திராவிட்டால் இன்னும் எத்தனை பேர் இறந்திருப்பார்கள் என்று எவராலும் கூற முடியாது. கிடைத்ததால் அத்தோடு நின்றது என்பதை மட்டும் கூறலாம்.

கெட்ட எண்ணமுள்ளவன் ரிவிட்டைத் துளையிட்டு எடுத்துவிடமாட்டானா என்பது இரண்டாவது. எடுத்துவிடலாம். ஆனால் எடுத்த கணத்தில் அவன் தன் எண்ணத்துக்குத் தானே சாட்சி வைத்துவிடுகிறான். உடைந்த பற்றவைப்பும் துளைத்த தடமும் ‘தெரியாமல் வாங்கினேன்’ என்ற சமாதானத்துக்கு இடம் தருவதில்லை. குறைத்த மேகசின் சில வேளை சிக்கிக்கொள்ளும், ஒழுங்காக நடக்கும் உரிமையாளருக்குத்தான் தொல்லை என்பது மூன்றாவது. இதில் உண்மை உண்டு. அதற்குப் பரிகாரம் சட்டத்தைக் கைவிடுவதன்று. வேலையைத் தேர்ந்த கையிடம் ஒப்படைத்து, செலவைப் பொதுவிலிருந்து கொடுப்பதே.

முடிவு

மேற்கண்டவற்றையெல்லாம் சேர்த்து நோக்குமிடத்து, எல்லை ஐந்தா, பத்தா, பதினைந்தா என்ற பிரச்சினையைவிட, குறைக்கும் வேலையைச் சட்டம் எவ்வாறு நடத்துகிறது என்பதே அதன் பயனைத் தீர்மானிக்கிறது என்று தோன்றுகிறது. கனடாவைப் போல எந்தப் பொருளை எந்த முறையில் இணைக்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். பிரிட்டனைப் போல, செய்தவரல்லாத வேறொருவர் பார்த்து முத்திரை குத்திச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். நியூஸிலாந்தைப் போல மேகசினைத் தனிப்பொருளாகக் கருதி, மாற்றுகிற செலவை அரசாங்கம் ஏற்க வேண்டும். இம்மூன்றையும் ஒருங்கே கொண்ட ஒரு சட்டத்தை இந்தத் தேசங்களுள் ஒன்றும் இன்னும் இயற்றவில்லை. ‘நிரந்தரம்’ என்ற ஒரே சொல்லை எழுதிவிட்டு, அதன் பொருளைப் பட்டறையில் நிற்கும் மனிதன் தன் தலைமேல் போட்டுக்கொள்ளட்டும் என்று விடுவது, சட்டம் இயற்றுவோர் தம் கடமையில் பாதியை மற்றொருவர் தோளில் ஏற்றுவதாகும். பொதுமக்களின் உயிரும் ஒரு தொழிலாளியின் சுதந்திரமும் ஒரே ரிவிட்டில் தங்கியிருக்கும்போது, அந்த ரிவிட்டை எங்கே, எப்படி அறைய வேண்டும் என்று சொல்வது சட்டத்தின் பொறுப்பே.